உத்தியோகத்தை விடாத எழுத்தாளர்: பி. டி. ஜேம்ஸின் எழுத்து வாழ்வும் விருதுகளும் – மலையகத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்துப் பெண் எழுத்தாளர் பி. டி. ஜேம்ஸின் முதல் துப்பறியும் நாவல் 1962இல் வந்தது. அப்போது அவர் லண்டனில் ஆஸ்பத்திரி நிர்வாகச் சபை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது நாவல் வந்த 1977இலும் அவர் அரசாங்க உத்தியோகத்தில்தான் இருந்தார். உத்தியோகக் காலத்தில் அச்சேறியவை மொத்தம் ஏழே நாவல்கள். மாதத்துக்கு ஒன்று எழுதித் தள்ளிய துப்பறியும் எழுத்தாளர்களைப் படித்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு இது சோம்பேறிக் கணக்காகத் தெரியலாம்.

ஆனால் அந்த மந்தகதியில்தான் அவருடைய பலம் இருந்தது. வேலைத்தளம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. அதோடு கதைக்களம், கொலைக்கான வழி, சாட்சிகளின் பேச்சு, பதிவேடுகளின் பாஷை எல்லாவற்றையும் கொடுத்தது. இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில், ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கத்தில் செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) எழுதும் கிளாக்கரோ, தோட்டப் பாடசாலை ஆசிரியரோ, ஆஸ்பத்திரி மருத்துவிச்சியோ ஒரு கொலைக் கதை எழுத உட்கார்ந்தால் ஜேம்ஸிடமிருந்து எதை எடுக்கலாம், எதை எடுத்தால் கதை கெடும் என்று பார்ப்பதே இந்த ஆய்வு.

ஆள்

பிலிஸ் டோரதி ஜேம்ஸ் 1920 ஓகஸ்ட் 3 அன்று ஒக்ஸ்ஃபர்டில் பிறந்தார். தகப்பன் வரி இலாகா உத்தியோகத்தர். பெண்பிள்ளைக்கு மேல்படிப்பு எதற்கு என்ற எண்ணம் அவருக்கு. கையில் காசும் இல்லை. பதினாறு வயதோடு மகளின் படிப்பு நின்றது. வரி அலுவலகத்தில் சில வருடம், கேம்பிரிஜில் ஒரு நாடக அரங்கில் மேடை உதவியாளராகச் சில காலம் என்று போயிற்று. 1941இல் திருமணம். கணவர் இராணுவ டொக்டர். யுத்தம் முடிந்து மனநோயோடு திரும்பினார். அந்த நோய் யுத்தத்தால் வந்ததென்று அரசாங்கம் ஏற்கவில்லை, அதனால் பென்ஷனும் இல்லை. இரண்டு பெண்பிள்ளைகள் உள்ள வீட்டில் ஜேம்ஸின் சம்பளம்தான் சம்பளம்.

மாலை வகுப்பில் ஆஸ்பத்திரி நிர்வாகம் படித்து 1949இல் வேலையில் சேர்ந்தார். 1950களின் நடுவில் நாவல் எழுதத் தொடங்கினார், விடியற்காலையில், வேலைக்குப் புறப்படுமுன். முதல் கையெழுத்துப் பிரதியை முதலில் பார்த்த ஃபேபர் பதிப்பகமே ஏற்றுக்கொண்டது. கணவர் 1964இல் காலமானார். 1968இல் போட்டிப் பரீட்சை எழுதி உள்துறை அமைச்சுக்கு மாறினார். அங்கே பொலிஸ் பிரிவு, தடயவியல் சேவை, குற்றவியல் சட்டக் கொள்கை என்று ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தன. 1979இல் ஓய்வு பெற்றார். அடுத்த வருடம் வந்த நாவல்தான் அமெரிக்காவில் பெரிதாக விற்றுப் பணத்தைக் கொண்டுவந்தது. அதாவது, எழுத்தை நம்பி வேலையை விடவில்லை. வேலை முடிந்த பிறகுதான் எழுத்து சோறு போட்டது.

அவருடைய துப்பறிவாளர் அடம் டால்க்லீஷ் ஒரு பொலிஸ் அதிகாரி, கூடவே கவிஞர். அந்தக் குடும்பப் பெயர், ஜேம்ஸுக்குப் பாடசாலையில் படிப்பித்த ஆசிரியையினுடையது. 1962 முதல் 2008 வரை பதினான்கு நாவல்களில் டால்க்லீஷ் வருகிறார்.

வேலைத்தளம் கதைக்களமான விதம்

இரண்டாவது நாவல் 1963. களம் மனநோய்க்கான வெளிநோயாளர் நிலையம். பிணம் கிடப்பது நோயாளர் பதிவேடுகள் அடுக்கிய நிலவறையில். கொலையுண்டவர் அந்த நிலையத்தின் நிர்வாக உத்தியோகத்தர், ஜேம்ஸ் தினமும் பார்த்துவந்த அதே வேலை. அலுவலகத்தில் யார் யார் அதைப் படித்துவிட்டு எப்படிச் சிரித்தார்களோ!

1971இல் தாதிமார் பயிற்சிப் பாடசாலை. வகுப்பறையில் ஒரு மாணவி நோயாளியாகப் படுத்துக்கொள்ள, மற்றவள் குழாய் வழியாக வயிற்றுக்குள் பால் செலுத்திக் காட்டுகிறாள். மேற்பார்வைக்கு வந்தவர்களும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாலில் வேறொன்று கலந்திருக்கிறது. இந்தக் காட்சியின் பயங்கரம் விஷத்தில் இல்லை. ஒவ்வொரு படியும் சரியாக, பாடப்புத்தகப்படி, பலர் முன்னிலையில் நடக்கிறது. யாரும் தவறு செய்யவில்லை, ஆனாலும் ஒருத்தி சாகிறாள். தாதியர் பயிற்சியின் ஒழுங்கு தெரியாத ஒருவருக்கு இந்தக் கொலை தோன்றியே இருக்காது. 1975இல் உடல் இயலாதோர் இல்லம் வந்தது. உள்துறை அமைச்சு அனுபவம் 1977இல் ஒரு தடயவியல் ஆய்வுகூடமாக மாறியது.

ஓய்வு பெற்ற பிறகு களங்கள் விரிந்தன: அணுமின் நிலையம் (1989), பதிப்பகம் (1994), வழக்கறிஞர் அலுவலகம் (1997), நூதனசாலை (2003). இங்கேயும் அதே அச்சுத்தான். ஒரு நிறுவனம், அதற்குள் பதவிப்படிகள், பழைய மனக்கசப்புகள், வெளியார் நுழைய முடியாத ஒரு வளாகம். தான் வேலை பார்க்காத இடங்களையும், வேலை பார்த்தவர் கண்ணோடு பார்க்க அவர் பழகியிருந்தார். சாவி யாரிடம் இருக்கும், கையெழுத்து யார் போடுவார், தேநீர் எத்தனை மணிக்கு, லீவில் யார் என்பதுதான் அவர் முதலில் தேடியது.

எழுதும் முறை

கதை அவருக்கு இடத்திலிருந்து தொடங்கும். ஒரு கடற்கரை, ஒரு பழைய கட்டடம் மனதில் பதிந்த பிறகுதான் ஆட்கள். ஆட்களுக்குப் பிறகு சதி. குறிப்புப் புத்தகங்களில் திட்டம் நிரம்பிய பின்பே அத்தியாயம். அத்தியாயங்களையும் வரிசையில் எழுதமாட்டார். சினிமாக்காரர் காட்சி எடுப்பதுபோல, மனதில் தயாராக இருக்கும் காட்சியை முதலில் எழுதிவிட்டு, பிறகு கோர்ப்பார். முழுத் திட்டமும் முன்னாலேயே தயாராக இருப்பவர்தான் இப்படி எழுதலாம். "எழுத எழுதக் கதை தானாக வரும்" என்று இருப்பவர் இந்த முறையைக் கையில் எடுத்தால், தடயம் ஒன்பதாம் அத்தியாயத்தில் கிடைக்கும், அதை வைத்தவர் பதினொன்றாம் அத்தியாயத்தில்தான் ஊருக்கு வந்திருப்பார்.

இன்னொன்று, துப்பறிவாளர் பிந்தித்தான் வருவார். அதற்கு முன் கணிசமான பக்கங்களில் அந்த இடத்து ஆட்கள் தங்கள் அன்றாடத்தில் நடமாடுவார்கள். பிணம் விழும்போது வாசகருக்கு ஏற்கெனவே ஐந்தாறு பேரைத் தெரியும்.

வெள்ளி மூன்று, தங்கம் இல்லை

பிரிட்டிஷ் குற்றப் புனைவு எழுத்தாளர் சங்கம் கொடுக்கும் விருதுகள் கத்தியின் பெயரில் வருபவை. வருடத்தின் சிறந்த நாவலுக்குத் தங்கக் கத்தி, அதற்கு அடுத்ததற்கு அந்நாட்களில் வெள்ளிக் கத்தி. 1971, 1975, 1986 ஆகிய வருடங்களுக்கு ஜேம்ஸ் வெள்ளி வாங்கினார். தங்கம் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனால் வாழ்நாள் பணிக்கான வைரக் கத்தி 1986இல் ஆரம்பமாகி, இரண்டாவது வருடமே, 1987இல், அவருக்குப் போனது. அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கம் 1999இல் அவரைப் பேராசான் வரிசையில் சேர்த்தது.

ஒரு புத்தகத்துக்கான பரிசு அந்த வருடத்துப் போட்டியைப் பொறுத்தது. மூன்று முறை இரண்டாம் இடம் வந்தவர், முதலிடம் வாங்கியவர்கள் பலரைவிட நீண்ட காலம் வாசிக்கப்படுகிறார்.

இலக்கிய விருதுகளுக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை ஓடுகிறது. 1983இல் ஓ.பி.ஈ. என்ற பிரிட்டிஷ் அரச பட்டம், 1987இல் புக்கர் பரிசு நடுவர் குழுத் தலைமை, 1988 முதல் 1993 வரை பி.பி.சி. ஆளுநர் சபை, 1991இல் பிரபுக்கள் சபையில் ஆயுட்கால உறுப்புரிமை, 1997 முதல் 2013 வரை நூலாசிரியர் சங்கத் தலைமை. இவற்றை முழுக்க நாவல்களின் கணக்கில் வரவு வைத்துவிடக் கூடாது. கோப்பு படிக்கத் தெரிந்த, கூட்டம் நடத்தத் தெரிந்த, முப்பது வருட நிர்வாக அனுபவம் உள்ள ஒரு எழுத்தாளர் கிடைத்தார், சபைகள் அவரை அழைத்துக்கொண்டன. அந்தப் பழக்கம் கடைசிவரை போகவில்லை. 2009 டிசம்பர் கடைசி நாளில், 89 வயதில், பி.பி.சி. வானொலியின் காலை நிகழ்ச்சிக்கு ஒரு நாள் விருந்தினர் ஆசிரியராக வந்து, அந்த நிறுவனத்தின் பணிப்பாளர் நாயகத்தையே உயர் அதிகாரிகளின் சம்பளம் பற்றிக் கேள்வி கேட்டுத் திணறடித்தார். 2014 நவம்பர் 27 அன்று ஒக்ஸ்ஃபர்டில் காலமானார்.

நம் பக்கத்திலும் இதற்கு உறவான ஆட்கள் உண்டு. 1885இல் வெளிவந்த இலங்கையின் முதல் தமிழ் நாவலை எழுதிய சித்திலெப்பை, கண்டியில் சட்டத்தரணி. தெளிவத்தை ஜோசப் தான் படிப்பித்த தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர்; 2013இல் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தபோது எழுபதுகளின் கடைசி வயதில் இருந்தார். இருவரும் கொலைக் கதைக்காரர் அல்லர். ஆனால் வேலையும் எழுத்தும் ஒன்றையொன்று தின்னாமல் வாழ முடியும் என்பதற்கு லண்டன்வரை போக வேண்டியதில்லை.

தோட்டத்துக்குக் கொண்டுவரும்போது

பங்களா, ஆபீஸ், பெக்டரி, ஆஸ்பத்திரி, பிள்ளைக் காம்பரா (குழந்தைகள் காப்பகம்), லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), கோவில். யார் எந்த வாசலுக்குள் போகலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்பது எழுதாமலே எல்லாருக்கும் தெரியும். ஜேம்ஸ் தீவிலும் கடற்கரையிலும் தேடிப்போன மூடிய வளாகம் இங்கே கதவு திறந்து கிடக்கிறது. அதிலும் பெரிய வசதி, தோட்டம் நேரத்தால் ஓடுவது. காலையில் பிரட்டு, அதாவது ஆட்களைக் கூட்டிப் பெயர் எடுத்தல். பிறகு நம்பர் நம்பராக, அதாவது பகுதி பகுதியாக, மலைக்குப் பிரிப்பு. காலை, மதியம், மாலை என்று கொழுந்து நிறுப்பு. ஒவ்வொரு நிறுப்பிலும் பெயருக்கு நேரே கிலோ விழும். ஆகவே "அந்த நேரம் நான் மலையில் இருந்தேன்" என்பதைச் சோதிக்கக் கண்கண்ட சாட்சி தேவையில்லை, நிறுப்புத் துண்டு போதும். காலை நிறுப்பில் ஏழு கிலோ, மதியம் இரண்டே கிலோ, மாலையில் ஏழு என்று ஒருவர் கணக்கு இருந்தால், நடுவில் எங்கே போனார்? வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளைக்கு வேண்டியவர் என்றால் அந்த இரண்டு ஏழாக எழுதப்பட்டிருக்கலாம். அப்போது மற்ற எல்லாருடைய கிலோவையும் கூட்டி, லொறியில் ஏற்றிய மொத்தத்தோடு ஒப்பிட்டால் ஐந்து கிலோ உதைக்கும். துப்பறிவாளருக்குப் பூதக்கண்ணாடி வேண்டாம், கூட்டல் தெரிந்தால் போதும்.

பெக்டரியில்தான் எழுதுபவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். கொழுந்து வாட்டும் தட்டில் பிணத்தை ஒளித்துவைப்பது சினிமாவுக்கு நன்றாக இருக்கும். உண்மையில் தட்டில் கொழுந்து ஓரடி உயரம்கூட இராது. கீழிருந்து விசிறிக் காற்று மேலெழும். எங்காவது காற்று அடைபட்டால் அந்த இடம் மட்டும் பச்சையாக நிற்கும், பெக்டரிப் பொறுப்பாளரான டீமேக்கர் உடனே வந்து பார்ப்பார். வாட்டுவதற்கு 12 முதல் 18 மணித்தியாலம் போகும். அதனால் இன்று மாலை வந்த கொழுந்து நாளை விடியுமுன்னோ காலையிலோதான் கொழுந்தை உருட்டும் ரோலருக்கு இறங்கும். நடுராத்திரியில் பெக்டரி காலியாக இருந்தது என்று எழுதினால், தோட்டத்து வாசகர் அதே பக்கத்தில் புத்தகத்தை மூடுவார். ரோலர் ஒரு முறைக்கு அரை மணித்தியாலம் போலச் சுற்றும், அது பல முறை. பிறகு நொதிக்க விடுதல், ட்ரையரில் இருபது நிமிஷம் போல. இந்த இடைவெளிகளில் யார் எந்த இயந்திரத்தடியில் நின்றார் என்பது ஒழுங்கான நேர அட்டவணை. கைதேர்ந்த எழுத்தாளர் இதிலிருந்தே கதையின் பாதியை நெய்துவிடலாம்.

கொலைக்குக் காரணமும் பெக்டரிக் கணக்கிலேயே கிடக்கிறது. நூறு கிலோ பச்சைக் கொழுந்துக்கு 21, 22 கிலோ தேயிலை தேற வேண்டும். 19தான் தேறியிருந்தால் மீதி எங்கே? "மழைத்தண்ணியோட வந்த கொழுந்துங்க" என்பது டீமேக்கரின் ஆயத்தப் பதில், பல நாள் அது உண்மையும்கூட. ஈரக் கொழுந்தின் எடையில் தண்ணீரும் சேரும். எனவே தடயம் எந்த மாதத்தில் விழுகிறது என்பது முக்கியம். டிம்புள்ளைப் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச்வரை வறட்சி. அந்த நாட்களில் மழைத்தண்ணிக் கதை செல்லாது. ஊவாவில் அதுவே தலைகீழ்: ஜூலை, ஓகஸ்டில் ஹட்டன் நனைந்துகொண்டிருக்க, பதுளைப் பக்கம் கச்சான் காற்றில் காய்ந்துகிடக்கும். மலைநாடு என்றாலே வருடம் முழுக்கப் பனியும் தூறலும் என்று எழுதுபவர், தன் கையில் இருந்த நல்ல தடயம் ஒன்றைத் தானே நனைத்துவிடுகிறார்.

விஷம் வேண்டுமென்றால் வருடத்தைப் பார்க்க வேண்டும். புல்லுக்கு அடிக்கும் பரகுவாட் 2008க்கும் 2011க்கும் இடையில் படிப்படியாக நிறுத்தப்பட்டது. 2016இல் நடக்கும் கதையில் அந்தப் போத்தல் ஸ்டோர் அலுமாரியில் சாதாரணமாக இருக்க முடியாது. இருந்தால், யார் எப்போதிருந்து வைத்திருந்தார் என்பதே கேள்வியாக வேண்டும். கிளைபோசேட் 2015இல் தடையாகி, தேயிலைக்கும் இறப்பருக்கும் 2018இல் திரும்ப வந்தது. இடைப்பட்ட காலத்துத் தோட்டம் கையால் புல்வெட்டிய தோட்டம்.

ரயில் நேர அட்டவணையை வைத்துப் பொய்ச்சாட்சி பின்னுவது இங்கிலாந்துக் கதைகளின் பழைய வித்தை. மலைநாட்டுப் பாதையில் அதை நம்ப வேண்டாம். பட்டிப்பொல நிலையம் 6,226 அடி உயரத்தில் நிற்கிறது. ஏறும் வழியில் மண்சரிந்தால் அட்டவணை அன்றைக்குக் காகிதம்தான்.

சட்டத்தில் நடக்கும் பிழை இதைவிடப் பெரியது, ஏனென்றால் அது கதையின் முடிவையே தகர்க்கும். கடைசி அத்தியாயத்தில் குற்றவாளி இன்ஸ்பெக்டர் முன்னால் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார், கதை முடிகிறது. இலங்கையில் அங்கே முடியாது. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் 25ஆம் பிரிவின்படி, பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் சாதாரண வழக்கில் குற்றவாளிக்கு எதிராகச் செல்லாது. ஜேம்ஸின் டால்க்லீஷுக்கு இந்தத் தடை இல்லை. நம் எழுத்தாளர் ஒப்புதலுக்கு வெளியே, பொருளாகக் கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஆதாரம் ஒன்றை வைத்தே ஆக வேண்டும். அதேபோல, சந்தேகத்துக்குரிய சாவை தோட்டத்து டிஸ்பென்சர் பார்த்துக் காரணம் எழுதிக் கொடுத்துவிட முடியாது. பொலிஸ் நீதவானுக்கோ திடீர் மரண விசாரணை அதிகாரிக்கோ அறிவிக்க வேண்டும், பிரேதம் சட்ட வைத்திய அதிகாரியிடம் போக வேண்டும். கைதானவர் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன்னால் நிற்க வேண்டும். தூக்குமேடைக் காட்சி வேண்டுமென்றால் கதை 1976க்குப் பிந்தக் கூடாது, அதன் பிறகு இங்கே யாரும் தூக்கிலிடப்படவில்லை. ஜேம்ஸின் முதல் இரண்டு நாவல்களும் இங்கிலாந்தில் தூக்குத்தண்டனை சட்டத்தில் இருந்த காலத்தவை. கையைக் காட்டி "இவர்தான்" என்பதன் கனம் அந்தப் பக்கங்களில் வேறு.

அவரிடம் இல்லாத ஒன்றும் நம்மிடம் உண்டு: இரண்டு பாஷை. லயத்து அம்மா தமிழில் சொல்வது பொலிஸ் புத்தகத்தில் சிங்களத்தில் விழும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. "பணிய கணக்குப் பக்கமா போனாரு" என்று அவர் சொன்னது கீழ்ப்பிரிவுத் தோட்டத்தை. எழுதுபவர் காதில் 'கணக்கு' மட்டும் விழுந்து, கணக்குப் பார்க்கப் போனதாகப் பதிந்துவிட்டால், செத்தவர் கடைசியாகப் போன இடமே ஆபீஸாக மாறிவிடும். கைரேகையைவிடச் சுவையான தடயம் இது. பணிய கணக்கில் பிறந்த ஒருவர் அந்த வாக்குமூலத்தை வாசிக்கும்வரை அது வெளியே வராது.

இந்த எல்லாப் பொருளும் ஒரே இடத்தில் கூடும் காலம் 1970கள். 1964 ஒக்டோபர் 30 இலங்கை–இந்திய (சிறிமா–சாஸ்திரி) ஒப்பந்தப்படி மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும், 3,00,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை. குடும்பம் குடும்பமாகத் தலைமன்னாருக்கு ரயில் ஏறினார்கள். ஒருவரைக் காணவில்லை என்றால் சொல்லத் தயாராக ஒரு பதில் ஊரிடம் இருந்தது: "அவரு கப்பலேறிட்டாருங்க." கொலை செய்தவருக்கு அதைவிட நல்ல மறைப்பு வேறென்ன? (கப்பல் போய்ச் சேர்ந்தது இராமேசுவரம். தனுஷ்கோடியில் இறங்கினார் என்று 1974இல் நடக்கும் கதையில் எழுதக் கூடாது, அது 1964 டிசம்பர்ப் புயலில் போய்விட்டது. அப்படி ஒரு பாத்திரம் சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் ஒரு தடயம்.)

பொய்யை உடைக்க ஜேம்ஸ் போனது போலப் பதிவேட்டுக்குப் போக வேண்டும். போனவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு எடுக்கப்பட்டதா? மனைவி மக்கள் இங்கேயே இருக்க அவர் மட்டும் எப்படிப் போனார்? செக்ரோலில் பெயர் எந்தத் தேதியில், யார் கையெழுத்தில் வெட்டப்பட்டது? ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இலேயே வந்துவிட்டது. நாட்டைவிட்டே போகிறவர் தன் சேமிப்பைக் கேட்காமல் போவாரா? அந்தக் காசு கோரப்படாமல் கிடந்தால், அவர் கப்பலேறவில்லை.

கடைசியாக, ரேஷன் சாமான் வாங்கும் கூப்பன் புத்தகம். 1973, 74 தோட்டங்களில் பட்டினிக் காலம். கப்பலேறியதாகச் சொல்லப்படுபவரின் கூப்பனுக்கு அதன் பிறகும் ஏழெட்டு மாதம் சாமான் வாங்கப்பட்டிருக்கிறது. வாங்கியவருக்கு அவர் திரும்பி வரமாட்டார் என்று தெரிந்திருக்கிறது. பொலிஸ் முதலில் அவரைத்தான் பிடிக்கும். ஆனால் அடுத்த காம்பராவில், மூன்று பிள்ளைகளோடு, பிணத்தைப் பார்த்தும் வாய் திறக்காமல் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்ட ஒருத்தியாக அவர் இருக்கலாம். கொன்றவர் பெயர் அவளுக்குத் தெரியும். அதை அவள் சொன்னால், கூப்பன் எடுத்ததையும் சொல்ல வேண்டும்.